காம்பவுண்டு கொடுத்த கேப்சூல்கள்

ஆவடிக்குப் பக்கத்தில் சேக்காட்டில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் ஆறு வீடு, இரண்டு கக்கூஸ். காலையில் வாளியை வரிசையில் வைத்து இடம் பிடிக்க வேண்டும். எங்கள் வாளி எப்போதும் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ நிற்கும். எனக்கு உடம்பு கெட்ட பிறகு, யாரும் யாரிடமும் சொல்லாமலே, அது முதல் இடத்துக்கு நகர்ந்துவிட்டது. நான் கதவைத் திறந்துகொண்டு ஓடி வரும்போது வரிசையில் நிற்பவர்கள் வேறு பக்கம் பார்த்தபடி விலகுவார்கள். பேச்சை நிறுத்த மாட்டார்கள். தண்ணீர் லாரி வந்ததா என்று ஒருவர் கேட்பார், எங்கே வந்தது என்று இன்னொருவர் சலித்துக்கொள்வார். அதற்குள் நான் உள்ளே போய்த் தாழ் போட்டிருப்பேன். இருபது வயசுப் பையனுக்கு அதைவிடப் பெரிய மரியாதையை யாரும் செய்துவிட முடியாது.

அப்போது நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகள் தொடங்கியிருந்த காலம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவன் நான்தான். நைனா அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிக்கு இரும்பு ஏற்றுவார். அம்மா அங்கேயே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளுக்குப் பிசிறு வெட்டுவார். இரண்டு பேரும் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதே என்னிடம்தான்.

முதலில் சீதபேதி என்றுதான் நினைத்தோம். சளியும் ரத்தமுமாகப் போனது. பத்தியம் இருந்தேன். நிற்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று சொல்லவே வெட்கமாக இருக்கும். கல்லூரிக்குப் போகிற மின்சார ரயிலில் கக்கூஸ் கிடையாது. ஆவடியிலிருந்து சென்ட்ரல் வரைக்கும் எந்த ஸ்டேஷனில் இறங்கினால் எங்கே ஓடலாம் என்று எனக்கு மனப்பாடம். அம்பத்தூரில் இறங்கிவிடுவேன், அடுத்த வண்டி, பிறகு வில்லிவாக்கத்தில் இறங்கிவிடுவேன், அதற்கும் அடுத்த வண்டி. முதல் வகுப்பு முடியும்போது கல்லூரி வாசலில் இருப்பேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் சீதபேதி இல்லை என்றார்கள். பெருங்குடல் அழற்சி. உள்சுவர் முழுக்கப் புண். இரண்டு மாத்திரை கொடுத்தார்கள். சின்னதாக வெள்ளையில் ஒன்று, ஸ்டீராய்டு. அது தீயை அணைக்க. பெரிதாக மஞ்சளில் இன்னொன்று, சல்ஃபாசலசின் என்று பெயர். தீ திரும்பப் பிடிக்காமல் காவல் இருக்க. வெள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடுவோம், அப்புறம் மஞ்சள் பார்த்துக்கொள்ளும் என்றார்கள்.

மஞ்சள் பார்த்துக்கொள்ளவில்லை. வெள்ளையைக் குறைக்கிற ஒவ்வொரு தடவையும் ரத்தம் திரும்பி வந்தது. மறுபடி கூட்டினார்கள். வெள்ளை மாத்திரையில் என் முகம் பௌர்ணமி மாதிரி உப்பிவிட்டது. காம்பவுண்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம், தம்பிக்கு ஆஸ்பத்திரி ஒத்துக்கிச்சு, கன்னத்தில் சதை போட்டிருக்கு என்று. ஆடையைக் கழற்றினால் விலா எலும்பை எண்ணிவிடலாம் என்பது அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

மூன்றாவது தடவை ரத்தம் வந்தபோது அறுவை சிகிச்சை டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் கடுமையானவர் இல்லை. நிறையப் பேருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல். இன்னொரு தரம் குறைத்துப் பார்ப்போம், இந்த முறையும் வந்தால் பெருங்குடலை முழுசாக எடுத்துவிட வேண்டியதுதான் என்றார். எடுத்துவிட்டு வயிற்றில் ஓட்டை போட்டு ஒரு பை மாட்டிவிடுவார்கள். மலம் அதில் சேரும். ஆயுசுக்கும் அப்படித்தான்.

திரும்பி வரும்போது அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பையை எங்கே கழுவுவது? ஆறு வீட்டுக்கு இரண்டு கக்கூஸ் இருக்கிற இடத்தில் அது பெரிய கேள்வி. நைனாவிடம் அன்று சாயங்காலம் சொன்னோம். அவர் உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டார். அதன் பிறகு பல சாயங்காலம் அப்படித்தான் போனார்.

இனி காம்பவுண்டு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்களில் ஒருவர் படுத்துவிட்டால் பார்க்க வருகிறவர்கள் ரொட்டியோ பழமோ கொண்டுவர மாட்டார்கள். மாத்திரை கொண்டுவருவார்கள். பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு டிஸ்பென்சரியில் இலவச மருந்து உண்டு. ஐந்து நாளைக்குக் கொடுப்பார்கள், இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும். மிச்சத்தைத் தூக்கிப் போட மனசு வருமா? பவுடர் டப்பாவில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிடுவார்கள். அடுத்த வீட்டில் யாராவது சுருண்டால் அந்த டப்பா இறங்கும். மோர் கொடுப்பது மாதிரி, பக்கத்து வீட்டுக் குழந்தையை ஸ்கூலில் விடுவது மாதிரி, கேப்சூல் கொடுப்பதும் எங்களுக்கு ஒரு உறவு.

எனக்கு எல்லா வீட்டு டப்பாவும் இறங்கின. கோடி வீட்டு அக்கா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் கணவருக்கு டிபன்ஸ் பேக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை எங்களோடு இருந்தார்கள். பேக்டரி கேப்சூல்தான் இருப்பதிலேயே உசத்தி என்று எல்லோருக்கும் அபிப்பிராயம். அக்கா அதை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து கொடுப்பார். எதிர் வீட்டுத் தையல்கார பாய், பூந்தமல்லியில் அவர் மாமனார் வீட்டுக்குப் போய்வரும்போதெல்லாம் அங்கேயிருந்தும் கொண்டுவருவார்.

மாத்திரை அட்டையில் இருக்கும் இங்கிலீஷைப் படிக்கத் தெரிந்தவன் காம்பவுண்டில் நான் ஒருவன்தான் என்பதால் எது எதற்கு என்று நானே தீர்ப்புச் சொல்வேன். ஆம்பிசிலின், டெட்ராசைக்ளின். இரண்டும் கிருமியைக் கொல்லும் மருந்து. கல்லூரிப் புத்தகத்தில் பாக்டீரியா பாடம் முழுக்க நோய்ப் பெயர்தான். காலரா, டைபாய்டு, காசநோய். குடலில் புண் இருக்கிறதென்றால் அங்கே கிருமி இருக்கிறது, கிருமி இருக்கிறதென்றால் கொல்ல வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. தயிரைக்கூட விட்டுவிட்டேன். அதில் உயிரோடு பாக்டீரியா இருக்கிறது என்று அம்மாவுக்கு விளக்கினேன். இட்லி வெந்துவிடுவதால் பரவாயில்லை, தயிர் கூடாது. படித்த பிள்ளை சொன்னதால் அம்மா உறை ஊற்றுவதையே நிறுத்திவிட்டார். மஞ்சள் மாத்திரையோடு ஒரு கேப்சூலையும் சேர்த்துப் போட்டுக்கொள்வேன். ஆஸ்பத்திரி மருந்துக்கு அது துணை என்று நினைத்தோம்.

அறுவை டாக்டர் சொன்ன அந்தக் கடைசி வாய்ப்பைத் தொடங்குவதற்கு முன் ரத்தப் பரிசோதனைக்காகப் போயிருந்தோம். அன்று மேல்படிப்புப் படிக்கிற பெண் டாக்டர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னைவிட ஆறேழு வயசு கூட இருக்கலாம். சாப்பிடாத களைப்பு முகத்தில் இருந்தது. வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாயா என்று வழக்கமான கேள்வியைப் பேனாவைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். காம்பவுண்டு கேப்சூலை நான் தனி மருந்தாகவே நினைத்ததில்லை. அம்மா முந்திக்கொண்டார்.

"இல்லாம இன்னா டாக்டரம்மா. ஆஸ்பத்திரில மட்டும் குட்த்தா பத்துமா? எங்க காம்பவுண்டுல அல்லாரும் குட்த்துகினுதான் கீறாங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. வயர் கூடையில் இருந்த பவுடர் டப்பாவை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தார். சிவப்பும் கறுப்பும் மஞ்சளுமாகக் கேப்சூல்கள் உருண்டன, இரண்டு மூன்று அட்டைகளும் விழுந்தன. ஒன்று கீழே விழுந்து மேஜைக்கு அடியில் போனது. அம்மா குனிந்து அதையும் எடுத்து ஊதி வைத்தார். அவர் முகத்தில் இருந்தது பெருமை. எங்களுக்கும் நாலு பேர் இருக்கிறார்கள் என்று அந்த டாக்டருக்குக் காட்டிய மாதிரி.

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். எத்தனை மாதமாக என்று கேட்டார். ஆரம்பத்திலிருந்தே என்றேன். ஆம்பிசிலினா என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு அந்தச் சிரிப்பு விளங்கவில்லை.

"காலேஜ்ல என்ன படிக்கிற?"

விலங்கியல் என்றேன்.

"அப்போ சொன்னா புரியும், கேளு. இந்த மஞ்சள் மாத்திரை ரெண்டு மருந்தைச் சேர்த்துக் கட்டின கட்டு. வயித்துல அவிழாது. சிறுகுடல்லயும் பெரும்பாலும் அவிழாது. பெருங்குடலுக்குப் போனதும் அங்க இருக்கிற பாக்டீரியாதான் அந்தக் கட்டை வெட்டும். வெட்டினாத்தான் மருந்து வெளிய வந்து புண்ணுல படும். நீ ஒரு கையால மாத்திரையப் போட்டு, இன்னொரு கையால வெட்டற ஆளை எல்லாம் கொன்னுக்கிட்டு இருக்க."

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. புண்ணை உண்டாக்குவதே கிருமிதானே, அதைக் கொன்றால் நல்லதுதானே என்றேன்.

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். என் குடலில் இருப்பது எல்லார் குடலிலும் இருப்பதுதான், கோடிக்கணக்கில், பிறந்ததிலிருந்து. மற்றவர்கள் உடம்பு அவற்றோடு அனுசரித்துப் போகிறது. என் உடம்பு ஏதோ காரணத்தால் அவற்றை விரோதியாக நினைத்துச் சண்டைக்குப் போகிறது, அந்தச் சண்டையில் குடல் சுவர் புண்ணாகிறது. அப்படித்தான் பலர் நினைக்கிறார்கள், குறிப்பிட்ட ஒரு பாக்டீரியாதான் தொடங்கிவைக்கிறதா, இல்லை எல்லாம் சேர்ந்தா என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். முழுசாக யாருக்கும் தெரியாது, தனக்கும் தெரியாது என்றார். மொத்தமாகக் கொல்ல முடியாது, பாதியைக் கொன்றால் காலி இடத்தில் எது வந்து உட்காரும் என்று சொல்ல முடியாது. வேறு சில நோயாளிகளுக்கு வேறு காரணத்துக்காக ஆன்டிபயாடிக் தருவதும் உண்டு, ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது பவுடர் டப்பா இல்லை.

ஒரு டாக்டர் தனக்குத் தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு என்னவோ அதில்தான் நம்பிக்கை வந்தது.

"அப்போ கேப்சூலை நிறுத்தினா சரியாயிடுமா?"

"சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா மஞ்சள் மாத்திரை தோத்துப்போச்சுன்னு இனிமே சொல்ல மாட்டேன். அதுக்கு இன்னும் சான்ஸே குடுக்கலையே நீங்க." தயிர் ஒத்துக்கொண்டால் சாப்பிடு என்றும் சொன்னார். பிறகு அறுவை டாக்டருக்கு ஏதோ எழுதி என் கேஸ் தாளோடு சேர்த்துக் குத்தினார்.

வெளியே வந்ததும் அம்மாவுக்குப் பெரிய கவலை. ஆப்பரேஷன்கூட இரண்டாவதுதான். கோடி வீட்டு அக்காவிடம் எப்படிச் சொல்வது? உங்கள் கேப்சூலால்தான் பிள்ளைக்கு ஆகவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? ஆஸ்பத்திரியில் ஒரே மருந்துதான் சாப்பிடச் சொல்லிவிட்டார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம் என்று ரயிலில் முடிவு செய்துகொண்டு வந்தார். அக்கா அன்றைக்கே முந்தானை முடிச்சோடு வந்தார். அம்மா தயாரித்து வைத்திருந்ததைச் சொன்னார். அக்கா முடிச்சை அவிழ்க்காமலே அம்மாவிடம் கேட்டார்.

"நம்ம மாத்திரையாலதான் ஆச்சுன்னு சொன்னாவளாக்கா?"

அம்மா அடுப்பைப் பார்த்தார். நான்தான் எழுந்து போய் விளக்கினேன். கட்டு, வெட்டுகிற பாக்டீரியா, எல்லாம். வாசலில் ஜாக்கெட்டுக்கு ஹூக் தைத்துக்கொண்டிருந்த பாய், வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா தம்பி சொல்ற? அப்போ நம்ம வயித்துக்குள்ளயும் குடித்தனக்காரங்க கீறாங்களா?"

"கோடிக்கணக்குல, பாய்."

"அவ்ளோ பேருக்கும் கக்கூஸ் எத்தினி?"

அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சிரித்தார். போகும்போது முடிச்சை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து அவர் எனக்குக் காவல். யாராவது டப்பாவோடு எங்கள் வாசலை மிதித்தால் அவர் குரல் கோடியிலிருந்து வரும்: "தம்பிக்கு யாரும் ஒண்ணும் குடுக்காதிய. உள்ள வேலை நடந்துகிட்டு இருக்கு."

அந்த வேலை நடக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழியில்லை, காலையில் குனிந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வெள்ளை மாத்திரையைக் குறைக்கத் தொடங்கினார்கள். முதல் குறைப்பில் பயமில்லை. அது எப்போதும் தாண்டிப்போகிற கட்டம். அதற்கடுத்ததில்தான் ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்வேன். அந்த வாரம் முழுக்கக் கக்கூஸில் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் ஊற்றும் முன் பார்க்க வேண்டும், பார்க்காமல் ஊற்றிவிட்டால் இன்னொரு நாள் நிம்மதியாக இருக்கலாம் என்றும் தோன்றும். அம்மா வெளியே குழாயடியில் ஏதாவது பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருப்பார். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவுகிற சத்தம் உள்ளே கேட்கும். நான் வெளியே வந்தால் என் முகத்தை மட்டும் பார்ப்பார்.

ஒரு நாள் நானே சொன்னேன்.

"ஒண்ணும் இல்லம்மா."

"ஒண்ணும் இல்லன்னா?"

"ரத்தம் இல்ல. இந்த வாரம் பூராவும் இல்ல."

அம்மா பாத்திரத்தைக் கீழே வைத்தார். வரிசையில் நின்றவர்கள் தண்ணீர் லாரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு அப்படியே நின்றுபோனது. எனக்காக அவர்கள் பேச்சை நிறுத்தியது அன்றைக்குத்தான்.

பிறகு வெள்ளை மாத்திரை பாதியானது, கால் ஆனது, நின்றது. முகம் வற்றிப் பழைய முகம் வந்தது. சதை போய்விட்டதே என்று பாய் வருத்தப்பட்டார். அம்மா மறுபடி உறை ஊற்றினார். முதல் நாள் தயிரை ஒரு கரண்டி மட்டும் போட்டுக்கொண்டு, பரீட்சை ரிசல்ட் பார்க்கிற மாதிரி இரண்டு நாள் காத்திருந்தேன். வயிறு ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாம் அந்தக் கேப்சூலை நிறுத்தியதால்தான் என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. இந்த நோய் தானாகவே அடங்கும், தானாகவே எழும். பிற்பாடு இரண்டு முறை எழுந்தும் இருக்கிறது, லேசாக. ஆனால் அன்று வரிசையாக நடந்ததைப் பார்த்தவன் நான். எனக்கு அதில் போதுமான பதில் இருந்தது.

அறுவை டாக்டர் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். அவர் மூச்சு விடுவதை வைத்தே என்ன சொல்லப்போகிறார் என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். கையுறையைக் கழற்றும்போதுதான் பேசினார். புண் ஆறிக்கொண்டு வருகிறது, கத்திக்கு இப்போது வேலை இல்லை, மஞ்சள் மாத்திரையை மட்டும் விடக் கூடாது என்றார். அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னார். அம்மா நகரவில்லை.

"டாக்டரே, அந்தப் பூச்சிங்க இன்னும் இவன் உள்ளதான் கீதா?"

"இருக்கணும்மா. உங்களுக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு அம்மா கூடையை எடுத்துக்கொண்டார்.

நேராக வீட்டுக்குப் போகவில்லை. அம்பத்தூரில் இறங்கி எஸ்டேட்டுக்கு நடந்தோம். நைனா லாரிமேல் நின்று கம்பியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேரையும் வேலை நேரத்தில் அங்கே பார்த்ததும் கையில் இருந்த கம்பியை அப்படியே விட்டார். கீழே நின்றவர் யாரோ திட்டினார். நைனா இறங்கி வருவதற்குள் அம்மாவே சத்தமாகச் சொல்லிவிட்டார், ஆப்பரேஷன் வேணாமாம் என்று.

நைனா பக்கத்தில் வந்து நின்றார். துண்டால் கழுத்தைத் துடைத்தார். என்னை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார்.

"மெய்யாலுமா?"

நான் தலையாட்டினேன். அவர் பிறகு அம்மாவிடம் சொன்னார்.

"அப்போ பட்டாபிராம்ல அந்த ஊட்டுக்காரன்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன்."

எந்த வீடு என்று அம்மா கேட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. அவர் சாயங்காலங்களில் சைக்கிளில் எங்கேதான் போகிறார் என்று நாங்கள் கேட்டதே இல்லை. ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் ஒரு ஒற்றை அறை வீடு பார்த்து வைத்திருக்கிறாராம். மழைக்கு ஒழுகும், வேலைக்கு வர இன்னும் தூரம். ஆனால் தனி கக்கூஸ், உள்ளேயே குழாய். பையைக் கழுவ நான் யார் முன்னாலும் நிற்க வேண்டியதில்லை.

"நல்ல ஊடுதான்" என்றார் நைனா. "தண்ணி நல்லா வருது. நானே தொறந்து பார்த்தேன்."

லாரிமேல் கூட வேலை செய்தவர் கூப்பிட்டார். நைனா துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு லாரிமேல் ஏறினார். அன்றைக்கு மிச்சம் இருந்த லோடை அவர் ஏற்றி முடிக்கும்வரை அம்மாவும் நானும் எதிரே ஒரு டீக்கடை நிழலில் உட்கார்ந்திருந்தோம், மூன்று பேருமாக வீட்டுக்குப் போகலாம் என்று.